செவிப்பாம்பு போன வழி

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு செடிக்கடை இருக்கிறது. பச்சை வலைப் பந்தல், அதற்குக் கீழே தொட்டிகளும் கறுப்புப் பைகளும், பின்னால் ஒரு செம்மண் குவியல். மழை பெய்த மறுநாள் காலையில் தொட்டிகளில் தேங்கிய தண்ணீரைச் சாய்த்துவிட்டு நிமிர்வதற்குள் எனக்கு இன்னொரு வேலை வந்துவிடும். செவிப்பாம்புக்கு வக்கீலாகப் பேசுகிற வேலை.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். பேனாவுக்குள் போடும் ரீஃபில் இருக்கிறதே, ஏறத்தாழ அதே நீளம், அதே தடிமன். கறுப்பும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், ஈரமான புளியங்கொட்டை மாதிரி ஒரு மினுக்கு. முதலில் மண்புழு என்றுதான் நினைப்பீர்கள். மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையமாக இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். இது வழவழவென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாகச் செதில் தெரியும். கண் என்று சொல்ல இரண்டு புள்ளிகள், அவையும் செதிலுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. வெளிச்சமா இருட்டா என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. தலை எது வால் எது என்று நமக்கும் சட்டென்று தெரியாது. ஊர்ந்து போகிற பக்கம் தலை, அவ்வளவுதான். வால் நுனியில் முள் மாதிரி ஒரு சின்னக் கூர் உண்டு. கையில் எடுத்தால் அதை வைத்து நம் விரலைக் குத்திப் பார்க்கும். நம்மைக் கடிக்க அதன் வாய் போதாது. எறும்பு முட்டையும் கரையான் குஞ்சும் நுழைகிற அளவுக்குத்தான் அந்த வாய் திறக்கும்.

இந்த அப்பிராணியைப் பார்த்துவிட்டுத்தான் என் கடையில் படித்தவர்கள் எல்லாம் அலறுகிறார்கள். ரோஜாத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள், அடியில் ஈரத்தில் ஒன்று நெளியும், உடனே செருப்பைக் கழற்றுவார்கள். ‘இது காதுக்குள்ள போகுமாமேக்கா’ என்பார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ தெரியாது. ‘உன் காதுக்குள்ள அதுக்கு என்னம்மா வேலை? உள்ள புத்து கட்டியா வச்சிருக்க?’ என்று கேட்டுவிடுவேன். வந்த ஆளை இப்படித்தான் விரட்டுவாயா என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். நான் அதற்குள் ஒரு தகரத் துண்டில் பாம்பை ஏந்திக்கொண்டு போய் மண் குவியலில் விட்டிருப்பேன். மண்ணைத் தொட்ட அடுத்த நொடியில் ஆளைக் காணோம்.

இவ்வளவு வக்காலத்து எதற்கு என்று வீட்டுக்காரர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர்கள் வயலில் கூலி வேலை செய்தார்கள். கூரை வீடு, சாணி மெழுகிய மண்தரை. ஓர் ஐப்பசி மாதம் மூன்று நாட்களாக விடாமல் மழை. வயலில் வேலை இல்லை. அப்பா டீக்கடைப் பக்கம் போயிருந்தார். மத்தியானம் கஞ்சியைக் குடித்துவிட்டு அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் பாயில் படுத்துக் கிடந்தோம். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு.

நான் மட்டும் தூங்கவில்லை. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஈயச்சட்டியில் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். அக்காவின் தலைமாட்டில் கறுப்பாக ஒன்று நெளிந்தது. அவள் முடி என்று நினைத்தேன். முடி தானாக நகருமா? அது அவள் காதோரமாக வந்து, பாயை விட்டு இறங்கி, அம்மிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த வெடிப்புக்குள் வழுக்கிக்கொண்டு போனது. நுனிவால் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

‘செவிப்பாம்பு! ஆத்தா, செவிப்பாம்பு! உள்ள போயிருச்சு!’

எதற்குள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நான் வெடிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அம்மா அக்காவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். செவிப்பாம்பு என்று பேர் வைத்திருக்கிற ஒன்று உள்ளே போயிருச்சு என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு.

‘நீ பாத்தியாடி? கண்ணால பாத்தியா?’

தலையை ஆட்டினேன். பாம்பைப் பார்த்தேன் என்பதற்காகத்தான் ஆட்டினேன்.

அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தார்கள். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினால் வெளியே வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயும் இரண்டு பூண்டுப் பல்லும் அடுப்புக்குப் போயின. இரண்டு பேர் அக்காவின் காலைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா என்னென்னவோ சொல்லிக் கத்தினாள். அவள் சொன்னது அன்றைக்கு யார் காதிலும் ஏறவில்லை. அம்மாவுக்கு ஆற வைக்கப் பொறுமை இல்லை. ஆறுகிற நேரத்தில் பாம்பு மூளைக்குப் போய்விடுமே!

பாம்பு வெளியே வரவில்லை. வெந்து உள்ளேயே செத்துப்போயிருக்கும் என்று முடிவு செய்தார்கள். அக்கா அம்மாவின் மடியில் சுருண்டு கிடந்தாள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என் கன்னத்தைத் தடவி, ‘இந்தச் சின்னக் கழுத மட்டும் பாக்கலைன்னா என்ன ஆயிருக்கும்?’ என்று சொல்லி என் கையில் ஒரு கருப்பட்டித் துண்டைக் கொடுத்தாள். நான் அதைத் தின்றேன். வெடிப்புப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

அக்காவின் இடது காது மாதக்கணக்கில் சீழ் வடிந்து, அப்புறம் வற்றியது. வற்றும்போது கேட்பதும் நின்றுபோயிருந்தது. ஊரில் அவளுக்குச் செவிப்பாம்புக்காரி என்று பேர் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் வலது காது வாத்தியார் பக்கம் இருக்கிற மாதிரி இடம் மாற்றி உட்கார வைத்தார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை அவளுக்கு இடது பக்கமாக உட்கார்ந்து, முகூர்த்தம் முடிகிற வரைக்கும் என்னவோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். இவள் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பொண்ணுக்கு ரொம்பத் திமிர் என்று அவர் வீட்டில் ஒரு வாரம் பேசிக்கொண்டார்களாம். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் சொல்லாமலே ஒரு பழக்கம் வந்துவிட்டது: பஸ்ஸோ பந்தியோ, அக்காவுக்கு வலது பக்கம்தான் உட்கார வேண்டும்.

அம்மாவுக்கு இது ஒரு பெருமைக் கதை ஆகிவிட்டது. விசேஷ வீடுகளில் புதிதாக ஓர் ஆள் கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். ‘நான் மட்டும் அன்னைக்குச் சட்டுன்னு எண்ணெயக் காச்சி ஊத்தலைன்னா எம்மக இல்ல. காது போனாப் போகுது, உசுரு தங்குச்சுல்ல!’ அம்மா சொல்லும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருப்பாள். நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

எட்டு வயதில் அடி விழும் என்று சொல்லவில்லை. பதினைந்து வயதில் வெட்கமாக இருந்தது. கல்யாணம் ஆன பிறகு, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன். ஒரே ஒரு முறை, மேலூர் போகிற பஸ்ஸில், வேண்டுமென்றே அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாகக் கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சொல்லியாயிற்று என்று ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். என் யோக்கியதை அந்த அழகில் இருந்தது.

இதில் எனக்கு ஒரு சால்ஜாப்பும் உண்டு. நான் பார்த்த பாம்பு வெடிப்புக்குள் போனது சரி. நான் பார்க்காத இன்னொன்று காதுக்குள் போயிருக்கலாம் இல்லையா? அப்படி நினைத்துக்கொண்டே நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

அந்தச் சால்ஜாப்புக்கும் வேட்டு வைக்க ஒருத்தி வந்தாள். பசுமலையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிற சின்னப் பெண். மொட்டை மாடிக்குச் செடி வாங்க வந்தவள், மண் குவியலில் செவிப்பாம்பைப் பார்த்துவிட்டு நகையைக் கண்ட மாதிரி உட்கார்ந்துவிட்டாள். ஒரு தயிர் டப்பாவில் ஈர மண்ணோடு இரண்டைப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு மாதம் கழித்து வந்தபோது டப்பாவைத் திறந்து காட்டினாள். மண்ணுக்குள் நீட்டரிசி மாதிரி நாலைந்து முட்டை.

‘ஜோடி சேந்துருச்சு போல’ என்றேன்.

‘ஜோடியே கிடையாதுங்கம்மா. இந்தப் பாம்புல எல்லாமே பொண்ணுதான், ஆணே இல்ல. தனக்குத்தானே முட்டை வச்சுக்கும். பொரிச்சு வர்றதும் பொண்ணாத்தான் இருக்கும். ஒரே ஒண்ணு உங்க தொட்டி மண்ணுல ஒளிஞ்சு கப்பல் ஏறினாப் போதும், போற தேசத்துல ஒரு வம்சமே ஆயிரும். அப்படித்தான் உலகம் பூரா போயிருக்கு.’

என் வீட்டுக்காரர் தொட்டிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவர், ‘நல்லவேளை, நாம மனுசனாப் பொறந்தோம்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்க நினைத்தது வேறு.

‘காதுக்குள்ள போகுமாங்கிறாங்களே, அது?’

அவள் சிரித்தாள். ‘கட்டுக்கதைங்க. எறும்புப் புத்துக்குள்ளயே வாழ்ற ஜீவன் அது. மழைத்தண்ணி எறங்கினா மேல வரும். மேல வந்துட்டா எங்கடா மண்ணு, எங்கடா வெடிப்புன்னுதான் தேடும். காதுல அதுக்கு என்ன இருக்கு?’

நான் வாடிக்கையாளர்களிடம் சொல்கிற அதே பதில்தான். ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கே அது உறைத்தது. கவிழ்த்து வைத்த தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். இன்னொரு பாம்பு இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று. அது போன வழியைப் பார்த்த ஆள் உலகத்தில் நான் மட்டும்தான்.

அந்த வருஷம்தான் அக்காவின் வலது காதும் மந்தமாக ஆரம்பித்தது. அத்தான் இறந்த பிறகு அக்காவும் அம்மாவும் ஊரில் ஒன்றாக இருக்கிறார்கள். அத்தான் வாங்கிப்போட்ட கொஞ்ச நிலத்தில் அக்கா மல்லிகை போட்டிருக்கிறாள். விடிகாலையில் மொட்டுப் பறித்து, நாலுவழிச் சாலையைத் தாண்டிப் போய், மதுரைக்குப் போகிற பூ வண்டியில் மூட்டையைப் போட வேண்டும். ஒருநாள் காலையில் பூ மூட்டையோடு ரோட்டில் இறங்கியவளுக்குத் திருச்சிப் பக்கமிருந்து வந்த லாரி அடித்த ஹாரன் கேட்கவே இல்லை. கூட வந்த பூக்காரம்மா சேலையைப் பிடித்து இழுத்ததால் மூட்டை மட்டும் போனது. அம்மாதான் இதைப் போனில் சொன்னாள்.

‘எனக்கு என்னமோ, அந்தக் காதுல கெடந்தது இந்தக் காதுக்கு வந்துருச்சோன்னு இருக்குடி’ என்றாள்.

அக்காவைக் கூப்பிட்டு டாக்டரிடம் போகலாம் என்றேன். போனில் அவளுக்குப் பாதி கேட்கவில்லை, கேட்ட பாதிக்கு மாட்டேன் என்றாள். மறுபடி மறுபடி கூப்பிட்டேன். கடைசியில் போனையே எடுப்பதில்லை. இன்னொரு காலை, இன்னொரு லாரி, பக்கத்தில் பூக்காரம்மா இல்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் மல்லிகைப் பாத்தியில் நின்றோம். நான் பழக்கம்போல அவளுக்கு வலது பக்கத்து வரிசை. அம்மா தூரத்தில் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

‘எக்கா, நாளைக்கு என்கூட வா. காது டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்.’

‘என்னத்த?’

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

‘போன காது போச்சு. இருக்க காத நோண்டி அதையும் கெடுக்கணுமா? பேசாம மொட்டப் பறி, வண்டி போயிரும்.’

‘லாரில அடிபட்டுச் சாகப் போறியா?’

‘செத்தா நீ வந்து அழு’ என்று சொல்லிவிட்டு, களைக்கொத்தியை எடுத்து ஒரு செடியின் தூரில் மண்ணைக் கிளற ஆரம்பித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த மொட்டையெல்லாம் வீசி எறிந்திருப்பேன். அப்போதுதான் அவள் புரட்டிய ஈரமண்ணில் கறுப்பாக ஒன்று மின்னியது.

செவிப்பாம்பு. எனக்குப் பயம் வந்தது. பாம்பைப் பார்த்து இல்லை; அக்கா என்ன ஆவாளோ என்று. நான் தகரம் தேடுவதற்குள் அவள் குனிந்து அதை வெறுங்கையால் எடுத்துவிட்டாள். அது அவள் விரலைச் சுற்றிக்கொண்டு வாலால் குத்தியது.

‘குத்துது பாரு, கழுத. இம்புட்டு இருந்துக்கிட்டு’ என்று சொல்லி, அடுத்த செடியின் தூரில் ஒரு குழி பறித்து அதை விட்டு, ஈரமண்ணை மேலே அணைத்தாள். பச்சைப்பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி மெதுவாகச் செய்தாள்.

‘ஒனக்குப் பயமா இல்லையா?’

‘இதுக்கா?’

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. ‘எக்கா, அன்னைக்கு அது ஒன் காதுக்குள்ள போகல. அம்மிக்குப் பின்னாடி வெடிப்புக்குள்ள போச்சு. நான் பாத்தேன். உள்ள போயிருச்சுன்னு மட்டும் சொல்லிட்டேன். அப்பறம் சொல்லப் பயந்துக்கிட்டுச் சொல்லல.’

அவள் திரும்பவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். நாற்பது வருஷமாக அவள் கேட்கும்படி வராத சொல் இரண்டாம் முறை சுலபமாக வந்தது.

‘கத்தாதடி’ என்றாள் அக்கா. ‘ஆத்தா வாசல்ல உக்காந்துருக்கு. அதுக்குக் காது நல்லாக் கேக்கும்.’

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் களைக்கொத்தியில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்துப் போட்டாள்.

‘எனக்குத் தெரியாதாடி? என் காதுடி அது. ஒண்ணும் போகல, ஒண்ணும் போகலன்னுதான் அம்புட்டுக் கத்துக் கத்துனேன். யாரு கேட்டா?’

‘பின்ன ஏங்கா இத்தன வருசமா சொல்லல?’

‘என்னன்னு சொல்ல? பாம்பு இல்ல ஆத்தா, நீ ஊத்துன எண்ணெயிதான்னு சொல்லச் சொல்றியா? கேட்டுட்டு அது உசுரோட இருக்குமா? எம்மகளக் காப்பாத்துனேன் காப்பாத்துனேன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுது. பாம்புன்னா பழி பாம்போட போச்சு. பாம்புக்கென்ன, காதா கேக்குது, கேட்டு வருத்தப்பட?’

வாசலில் அம்மா இடிக்கிற சத்தம் டொக் டொக் என்று எனக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்டிருக்காது.

‘டாக்டர்கிட்ட போனா ஆத்தாவும் கூடக் கெளம்பி வரும். நான் வேணாம்னா கேக்குமா? அவரு பாத்தவொடனே, என்னம்மா சுட வச்சு ஊத்துனீங்கன்னு கேப்பாரு. அது பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கும். அதான் போகல. எனக்கு மட்டும் ஆசையா, லாரில விழணும்னு?’

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் என் குற்றத்தை மட்டுமே சுமந்துகொண்டு, அதுவே பெரிய பாரம் என்று இத்தனை வருஷம் அலட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இவள் காதையும் கொடுத்து, அம்மாவின் கதைக்குக் காவலும் இருந்திருக்கிறாள்.

‘என்மேல கோவமே இல்லையாக்கா?’

‘இருந்துச்சு’ என்றாள். ‘அந்தக் கருப்பட்டிய எனக்குக் கொஞ்சம்கூடத் தராமத் தின்னுட்டியே, அது ரொம்ப நாளைக்கு இருந்துச்சு.’

சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். அன்றைக்கு மொட்டு பறித்து முடிக்கத் தாமதமாகி, வண்டியைப் பிடிக்க நான்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

அடுத்த வாரம், கடையில் பதியன் போட ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் பொய் சொல்லி, அக்காவை மதுரைக்குக் கூட்டிவந்தேன். டாக்டர் இடது காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து, ‘சின்ன வயசுல சூடா ஏதாவது ஊத்தினாங்களா?’ என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம், ‘ஆமாங்க, எண்ணெய்’ என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஒரு வெளியாள் கேட்டது அதுதான் முதல் முறை.

இடது காதில் இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். ஜவ்வு வெந்து, அதற்கப்புறம் வந்த சீழில் உள்ளே எல்லாம் அரித்துப்போயிருந்தது. வலது காதில் வருஷக்கணக்கான அழுக்கு இறுகிக் கல்லாகியிருந்தது. மிச்சம் வயதுக்கு உரிய மந்தம். அழுக்கை ஊற வைத்துக் கழுவி எடுத்துவிட்டு, அடுத்த மாதம் வந்தால் கேட்கும் கருவி வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லி, ஒரு சொட்டு மருந்து விட்டுப் பஞ்சு வைத்து அனுப்பினார். வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்றதும் அக்கா பஞ்சைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டாள். ஷேர் ஆட்டோக்காரர் கூவுகிறார், பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடிக்கிறது, எதிர்க் கடையில் பரோட்டாக் கல்லில் கொத்துச் சத்தம்.

‘என்னடி இது, இந்த ஊரு இந்தக் கத்துக் கத்துது?’ என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ரோட்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவளைக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். பஞ்சை எடுக்க இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா குனிந்து செருப்பைக் கழற்றியபோது பார்த்துவிட்டாள்.

‘காதுல என்னடி பஞ்சு? எங்க போயிட்டு வாரீக ரெண்டு பேரும்? டாக்டருகிட்டயா?’

இல்லை என்று சொல்ல வழி இல்லை. அழுக்கு எடுத்துவிட்டார்கள், வலது காது நன்றாகக் கேட்கிறது என்று சொன்னேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அதோடு விட்டிருக்கலாம்.

‘அந்தக் காது? அதைப் பாத்தாரா? என்ன சொன்னாரு?’

அக்கா படியில் நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் கேட்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள். எட்டு வயதில் கேட்ட அதே பார்வை: நீ பாத்தியாடி, கண்ணால பாத்தியா?

‘பாம்புதானாம் ஆத்தா’ என்றேன். ‘அன்னைக்கு உள்ள போயிருச்சாம்.’

‘நான் என்ன பொய்யா சொன்னேன்?’ என்றாள் அம்மா. முகத்தில் அத்தனை சுருக்கத்துக்கும் நடுவில் ஒரு வெளிச்சம் வந்தது. ‘நீ பாத்த புண்ணியம்டி. நீ மட்டும் பாக்கலைன்னா நான் எண்ணெயும் ஊத்தியிருக்க மாட்டேன், இவளும் இருந்திருக்க மாட்டா.’

என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி முத்தம் வைத்தாள். முதல் முறை தெரியாமல் சொன்னதை இந்த முறை தெரிந்தே சொன்னேன். அக்கா என்னைத் தாண்டி உள்ளே போகும்போது என் தோளில் கையை ஒரு நொடி வைத்து எடுத்தாள்.

நேற்றும் மழை. காலையில் கடைக்கு வந்த ஓர் அம்மா செம்பருத்தித் தொட்டியைத் தூக்கிவிட்டு, ‘ஐயோ, காதுக்குள்ள போறது!’ என்று கத்தினார். நான் பாம்பை ஏந்திக்கொண்டே வழக்கமான பதிலைச் சொன்னேன். செவிப்பாம்பு எந்தக் காதுக்குள்ளும் போகாது. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரே ஒரு வீட்டில் மட்டும் போகும், அதுவும் என் அம்மா இருக்கிற வரைக்கும். அதை மட்டும் நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.